தாத்தாவின் அரமும் பரங்கிப்பேட்டை ஹீத் துரையும்

ஆபீஸில் இந்த வாரம் ஆணி கொஞ்சம் குறைவு. ரொம்ப நாளாக டிராப்டில் கிடந்த இந்தப் பதிவை இன்றைக்கு முடித்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான். டீ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சேலம் பக்கம். போகிக்காக வீட்டை ஒழித்துப்போட்டு, பழைய இரும்பையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்தார் அப்பா. எடைக்குப் போடத்தான். சாக்கைக் கிழித்துக்கொண்டு ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உருவிப் பார்த்தால் தாத்தாவின் அரம். பன்னிரண்டு அங்குலம், தட்டை அரம்.

தாத்தா மில்லில் பிட்டராக இருந்தவர். அந்த அரத்தை நாங்கள் யாரும் தொடக்கூடாது. ராவ ஆரம்பிக்கும் முன் ஒரு சாக்பீஸை அதன்மேல் பரபரவென்று தேய்ப்பார். இரும்புத்தூள் பல்லுக்குள் அடைத்துக்கொள்ளாமல் இருக்க அந்த வேலை என்பது, நான் இன்ஜினியரிங் முதல் வருஷம் வொர்க்‌ஷாப்பில் நிற்கும்போதுதான் புரிந்தது. (பிட்டிங் லேப் ஞாபகம் இருக்கா மக்களே? ஒரு இரும்புத் துண்டை செமஸ்டர் முழுக்க ராவி, கடைசியில் மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரியுமே... அதே அரம்தான்.)

பற்கள் மழுங்கி, துரு ஏறி இருந்தது. வால் பக்கம் கட்டைவிரலால் தேய்த்தேன். ஆங்கில எழுத்து தெரிந்தது. மேல் வரியில் 'காஸ்ட் ஸ்டீல்'. கீழே 'ஷெஃபீல்ட்'.

"இதுல ஒரு கத்தி செய்யப்போறேம்ப்பா."

"நூறு ரூபாய்க்குக் கடையில விக்குதுடா" என்றார் அப்பா. ஆனால் அதைத் திரும்பச் சாக்கில் போடச் சொல்லவில்லை.

அரம் ஏன் கத்தியாகும்?

இரும்பை இரும்பால் தேய்க்க வேண்டுமானால், தேய்ப்பது தேய்வதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். அதனால் நல்ல அரத்தில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல், சிலவற்றில் 1.3 வரை இருக்கும். நம் வீட்டு ஜன்னல் கம்பியில் இதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஊரில் அரிவாள் அடிக்கப் பயன்படுத்தும் லாரிப் பட்டையில் சுமார் 0.6. ஆகவே நல்ல அரம் என்றால் கத்திக்கு ஏற்ற எஃகு ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று அர்த்தம். மலிவு அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டும் கடினம், உள்ளே சாதா இரும்பு. அது உதவாது.

ஆனால் அரத்தை அப்படியே சாணை பிடித்தால் கத்தி ஆகிவிடாது. அரம் கண்ணாடி மாதிரி. கீழே போட்டால் உடையும். அதனால் மூன்று வேலை இருக்கிறது. முதலில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டு மிருதுவாக்க வேண்டும். அப்புறம் பல்லெல்லாம் போகத் தேய்த்து வடிவம் கொண்டுவர வேண்டும். கடைசியில் மறுபடி சிவக்கக் காய்ச்சி, சட்டென்று எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, பிறகு இளஞ்சூட்டில் வாட்டி, அந்தக் கடினத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் எங்கள் பக்கம் தோய்ச்சல் என்று பெயர்.

உள்ளே நடப்பதை டவுன் பஸ்ஸை வைத்துச் சொல்லிவிடலாம். இரும்பு சிவந்து நிற்கும்போது கதவு திறந்திருக்கிறது, கார்பன் எல்லாம் உள்ளே ஏறிக்கொள்கிறது. மெதுவாக ஆறினால் நிதானமாக இறங்கிப் போய்விடும். சட்டென்று குளிரவைத்தால் இறங்க நேரம் இல்லை, கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே நெரிசலில் யாரும் அசைய முடியாது. அந்த அசைய முடியாமைதான் கடினம். ஆனால் அந்த நிலையில் ஒரு சின்னப் பள்ளத்தில் ஏறினால்கூட ரகளைதான். 200 டிகிரி வாக்கில் வாட்டும்போது கொஞ்சம் பேர் இறங்குகிறார்கள். மீதிப் பேர் மூச்சு விடுகிறார்கள். மெட்டலர்ஜி பேப்பரில் இரும்பு-கார்பன் வரைபடத்தை மனப்பாடம் செய்து, எழுதி, பாஸும் பண்ணியவன் நான். இது எதுவும் அப்போது புரியவில்லை :-)

ணங்!

மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி, கரி போட்டு, தங்கச்சியின் ஹேர் டிரையரைத் துருத்தி ஆக்கினேன். இரும்பு 770 டிகிரியில் காந்தத்துக்கு ஒட்டாமல் போய்விடும் என்பதால் ஒரு ஸ்பீக்கர் காந்தம்தான் தெர்மாமீட்டர். முதல் வேலை நன்றாகவே முடிந்தது. மறுநாள் காலையில் சாம்பலில் இருந்து எடுத்தால் ஹேக்சா பிளேடு அதை அறுத்தது. தாத்தாவின் அரத்தை இரண்டாக அறுத்தேன். முன்பாதியை மூன்று நாள் தேய்த்துக் கத்தி வடிவம் கொண்டுவந்தேன். எழுத்து இருந்த பின்பாதியைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

பிறகு அந்த முட்டாள்தனம். எண்ணெய் வாங்கப் போக சோம்பல்பட்டு வாளித் தண்ணீரில் முக்கினேன். உள்ளே ஒரே ஒரு சத்தம், ணங். வெளியே எடுத்தால் முனையில் இருந்து முதுகு வரை விரிசல். கையால் லேசாக அழுத்தினேன், இரண்டாகி விட்டது. அரத்து எஃகு தண்ணீரில் கடினமாகக்கூடியதுதான். ஆனால் தடித்த அரம் தாங்குவதை மெல்லிய கத்தி அலகு தாங்காது.

நாற்பது வருஷம் தாத்தா கையில் உடையாத பொருள். எனக்கு நாலு நாள் போதுமாக இருந்தது. அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், மிச்சம் இருந்த பாதியில் இருந்த அந்த இரண்டு வரி எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று தேட ஆரம்பித்தேன். தேடினால், இங்கிலாந்தில் ஆரம்பித்த கதை நேராக நம் வாசலுக்கே வந்து நின்றது.

கடிகாரக்காரரும் ஈயக் கட்டியும்

'காஸ்ட் ஸ்டீல்' என்றால் மூசையில் உருக்கி வார்த்த எஃகு. தட்டார் தங்கம் உருக்கும் மண் கிண்ணம் இருக்கிறதே, அதன் பெரிய அண்ணன்தான் இந்த மூசை. ஷெஃபீல்டில் இதைத் தொடங்கியவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன். டான்காஸ்டரில் கடிகாரம் செய்துகொண்டிருந்தவர். கடிகார ஸ்பிரிங்குக்கு ஒரே சீரான எஃகு கிடைக்கவில்லை என்று 1740களில் இறங்கினார். அதுவரை இரும்புப் பட்டைகளைக் கரித்தூளில் புதைத்து நாட்கணக்கில் சுட்டு எஃகாக்குவார்கள். மேல்பக்கம் கார்பன் ஏறியிருக்கும், நடுவில் ஏறியிருக்காது. ஹன்ட்ஸ்மன் அதைத் துண்டாக்கி மூசையில் போட்டு முழுக்க உருக்கிவிட்டார். ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் 'ரொம்பக் கடினம், வேலை செய்ய முடியவில்லை' என்று முதலில் வாங்கவே மறுத்தார்களாம். பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிக் கத்தி செய்து அனுப்பிய பிறகுதான் உள்ளூரில் கண் திறந்தது. எந்த ஊரிலும் இதே கதைதான் போல.

அரத்தின் பற்களோ இன்னொரு கதை. ஒவ்வொரு பல்லும் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரே அடியில் எழுப்புவது. ஓர் அரத்துக்கு ஆயிரக்கணக்கில் அடி. இதற்கு இயந்திரம் வேண்டும் என்று லியனார்டோ டாவின்சியே படம் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் 19-ஆம் நூற்றாண்டிலும் ஷெஃபீல்டில் கையால்தான் பெரும்பாலும் வெட்டினார்கள். அமெரிக்காவில் வில்லியம் நிக்கல்சன் இயந்திரத்தை வைத்து 1864-இல் அரக் கம்பெனியே தொடங்கிவிட்டார். ஒரு பக்கம் வெட்டித் திருப்பிப் போடும்போது, வெட்டிய பல் மழுங்காமல் இருக்க அடியில் ஈயக் கட்டி வைப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஈயத்தூள். உளி வழுக்காமல் இருக்க விரலை நக்கிக்கொள்ளும் பழக்கம் வேறு. கை விழுந்துபோய், வயிற்று வலியில் செத்தவர்கள் நிறைய. அந்த அரங்களில் எல்லாம் ஊர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். வெட்டியவன் பெயர் இருக்காது.

ஆவாரங்குச்சி, எருக்க இலை

இப்போது நம்ம பக்கம். அரம் நமக்குப் புதிதில்லை. வள்ளுவரே அரத்தை உவமைக்கு இழுக்கிறார். உட்பகை உள்ள குடி, அரம் ராவிய இரும்பு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும் என்பார். எஃகும் புதிதில்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் கிடைத்திருக்கின்றன.

இந்த எஃகின் துண்டுகள் பம்பாயில் இருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போய், ஜார்ஜ் பியர்சன் 1795-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். ஊட்ஸ் என்ற பெயர் அதில்தான் ஆங்கிலத்தில் ஏறியது. நம் உருக்கு, கன்னடத்து உக்கு, இந்த வழியில் வந்த சொல் என்கிறார்கள். பின்னால் மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் இதன் ரகசியத்தைப் பிடிக்க வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஃபாரடேயின் அப்பா ஒரு கொல்லர் என்பது கூடுதல் தகவல்.

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். ஜோசையா மார்ஷல் ஹீத். மெட்ராஸில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். பறவை, விலங்கு சேகரிப்பில் பைத்தியம். ஒரு மஞ்சள் வௌவாலுக்கே இவர் பெயர்தான். உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை போட்டார். சேலத்துத் தாதுவை ஆற்று வழியாகப் படகில் கொண்டுவந்து, காட்டு மரத்தைக் கரியாக்கி உருக்குவது திட்டம். தாது சேலத்தில், ஆலை கடற்கரையில். கரிக்குக் காடு போதவில்லை, பணமும் போதவில்லை. அவருக்குப் பிறகும் கை மாறித் தள்ளாடி, 1860களில் அந்த ஆலை கதை முடிந்தது.

ஆனால் ஹீத் இன்னொரு காரியம் செய்தார். 1830களின் கடைசியில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில் நம் கொல்லர்களின் முறையை எழுதிவைத்தார். இரும்பைச் சின்னத் துண்டாக்கி மூசையில் போடுகிறார்கள். கூடவே பத்தில் ஒரு பங்கு எடைக்குக் காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே ஒன்றிரண்டு எருக்க இலை. வாயைக் களிமண்ணால் அடைக்கிறார்கள். இருபது இருபத்துநாலு மூசைகளை வளைவாக அடுக்கி, கரி மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி. அவ்வளவுதான்.

ஹீத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஷெஃபீல்டில் நாட்கணக்கில் சுடுகிறார்கள், இங்கே எப்படி இரண்டரை மணி நேரம்? அவர் யோசித்தது இது: மரத்துண்டு கரியாகி இரும்பில் ஏறுகிறது. டேவிட் மஷெட் 1800-இல் காப்புரிமை வாங்கியது இந்த முறைக்கு. பச்சை இலை வாயுவாகி இன்னும் வேகமாக ஏற்றுகிறது. சார்லஸ் மேக்கின்டாஷ் (மழைக்கோட்டுக்காரர்தான்) 1825-இல் காப்புரிமை வாங்கியது அதற்கு. இரண்டு காப்புரிமையும் ஒரே மண் மூசைக்குள் எப்போதோ ஒன்றாக இருந்திருக்கிறது! அதே வேகத்தில், எகிப்துக்காரர்கள் கருங்கல்லில் எழுத்து வெட்டியதே இந்திய எஃகில்தான் என்றும் ஒரு போடு போட்டிருக்கிறார். வாட்ஸப்புக்கு முன்னோடி. அதை நான் நம்பவில்லை.

இங்கிலாந்து திரும்பிய ஹீத், மூசையில் மாங்கனீஸ் சேர்த்தால் சுமாரான இரும்பில் இருந்தும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்து 1839-இல் காப்புரிமை வாங்கினார். இரும்பில் இருக்கும் கந்தகம் அடிக்கும்போது எஃகை நொறுக்கிவிடும், மாங்கனீஸ் அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். விலை உயர்ந்த ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்த ஷெஃபீல்டுக்கு இது லாட்டரி. ஆனால் அவருக்கே முகவராக இருந்த அன்வின், 'காப்புரிமையில் சொன்ன கலவையை நான் போடவில்லை, மாங்கனீஸ் ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாகத்தான் போடுகிறேன்' என்று ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பணம் தர மறுத்தார். மூசைக்குள் போனால் இரண்டும் ஒன்றுதான். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851-இல் நொடித்துப்போய் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பும் அவருக்கு எதிராகத்தான் வந்தது.

லைசென்ஸில் ஒரு வரியைச் சரியாக எழுதாததால் பிழைப்பு போன கதை நம் தொழிலில் நிறைய உண்டு இல்லையா? எனக்கு ஹீத் மேல் நிஜமாகவே பரிதாபம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. இவருக்காவது வழக்குப் போட ஒரு காகிதம் இருந்தது. ஆவாரங்குச்சிக்காரருக்கு? அவர் ஊர், பேர் எதையும் யாரும் எழுதவில்லை. எழுதிய புண்ணியவானும் 'இந்தியர்கள் இப்படிச் செய்கிறார்கள்' என்றுதான் எழுதினார். 'நம் ரகசியத்தை வெள்ளைக்காரன் திருடிவிட்டான்' என்று பின்னூட்டத்தில் வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், திருடியதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஹன்ட்ஸ்மன் உருக்கியது பியர்சன் கட்டுரைக்கு அரை நூற்றாண்டு முன்பே. மாங்கனீஸும் நம்முடையது இல்லை. நமக்கு நடந்தது வேறு. கப்பலில் வந்த மலிவு இரும்பில் அடுப்பு அணைந்தது. எங்கேயும் எழுதிவைக்காததால் அணைந்த பிறகு மறுபடி மூட்டத் தெரியவில்லை. டாக்குமென்டேஷன் இல்லாத பழைய கோடு மாதிரி. எழுதியவன் வேலையை விட்டுப் போனால் அத்தோடு சரி.

பட்டறையில்

மறுவாரம் மிச்சப் பாதியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கொல்லுப்பட்டறைக்குப் போனேன். ஆசாரிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அரத்தை வாங்கி ஒரு முனையைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்ல உருக்குங் தம்பி. எங்க புடிச்சீங்க?"

தாத்தா கதையைச் சொன்னேன். தண்ணீரில் முக்கிய கதையையும் சொன்னேன். சிரித்தார்.

"தண்ணியில போட்டா வெடிக்காம என்ன பண்ணும்? எனக்கும் எங்கய்யன் காலத்துல ரெண்டு மூணு வெடிச்சுதுங். முதுகுல ஒண்ணு விழுந்துச்சு. அப்பறம் வெடிக்கல."

சாணைச் சக்கரத்தில் பல்லெல்லாம் போகத் தேய்த்தார். பல்லோடு அடித்தால் மடிப்பு விழுந்து அங்கே விரிசல் விடுமாம். பிறகு கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"பாதிதான இருக்குது. இதையும் அடிச்சு நீட்டுனாத்தான் சமையலுக்கு ஆகும். நீட்டுனா இந்த எழுத்துப் போயிருங். எழுத்து வேணும்னா கத்தி குட்டையாத்தான் வரும். என்ன பண்ணட்டுங்?"

இதற்குத் தயாராக இல்லை நான். ஒரு வாரமாக அந்த இரண்டு வரிக்காகத்தான் தூங்காமல் படித்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"கத்தியே அடிங்கய்யா."

நாலு காய்ச்சலில் ஷெஃபீல்டு காணாமல் போனது.

பட்டறைக்குள் ஏன் இவ்வளவு இருட்டு என்று கேட்டேன். "வெயில்ல பாத்தா சூடு தெரியாதுங்" என்றார். செக்கச்செவேலென்று வந்ததும் கடலை எண்ணெய் டின்னில் நேராக இறக்கினார். புகை. பத்து எண்ணி எடுத்தார். பழைய அரம் ஒன்றை மேலே ஓட்டினார், பிடிக்காமல் வழுக்கியது. கடினமாகிவிட்டது. அடுத்து ஒரு பக்கம் பளபளப்பாகத் தேய்த்து, காய்ந்த இரும்புப் பட்டையின் மேல் முதுகுப்பக்கம் படும்படி வைத்தார். வெள்ளை இரும்பில் மெதுவாக ஒரு மஞ்சள் ஊர்ந்து வந்தது, வைக்கோல் நிறம். முதுகுப் பக்கம் பழுப்பாகி, ஊதாவாகிக்கொண்டிருந்தது. மஞ்சள் வாயைத் தொட்ட நொடியில் எடுத்துத் தண்ணீரில் போட்டார். வாய் கடினமாக நின்றுவிட்டது, முதுகு வளைந்து கொடுக்கும். புத்தகத்தில் இது 220, 230 டிகிரி. அவருக்கு டிகிரி தேவைப்படவில்லை.

மகன் திருப்பூரில் வேலையில் இருக்கிறாராம். "இதுக்கு வரமாட்டேங்கறான், வரவும் வேண்டாங்" என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "எழுதிப் பாத்தா வருமுங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதாவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது என்பது மட்டும் தெரியும். மஞ்சள் வந்த வேகத்தையும் எண்ணெயில் எண்ணிய எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டேன்.

கத்தி இப்போது எங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. புளியமரத்துக் கட்டையில் கைப்பிடி. எலுமிச்சை நறுக்கி நறுக்கி அலகு கறுத்துவிட்டது. ஈரத்தோடு வைத்தால் துரு ஏறும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா கேட்பதில்லை. ஆனால் போன தடவை ஊருக்குப் போனபோது, அப்பா அதைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

பி.கு.: உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்து அரம், உளி ஏதாவது சாக்கில் கிடந்தால் எடைக்குப் போடும் முன் எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். பக்கத்தில் பட்டறை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நாள் போய் உட்கார்ந்து, பார்த்ததை எழுதுங்கள். தோய்ச்சலுக்கு உங்கள் ஊரில் என்ன சொல், எந்த எண்ணெய் என்று பின்னூட்டத்தில் சொன்னால் சேர்த்துவைக்கிறேன்.